எண்ணெயில் வழுக்கிய துரைமார்கள்

சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் துப்பாக்கி வரும். அதைப் பிடித்திருந்த தளபதி வருவார், அவர் மீசை வரும், அவர் ஏறிய குதிரையின் பெயர்கூட வரும். அந்தத் துப்பாக்கிக்கு எந்த எண்ணெயைப் போட்டார்கள் என்று மட்டும் ஒரு வரி வராது. எண்ணெய் போடுவதெல்லாம் சரித்திரமா சார் என்பீர்கள். பாதி இந்தியாவைக் கைக்குள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் ஆட்சிக்கு மூடுவிழா நடந்ததில் ஒரு சிட்டிகைக் கொழுப்புக்கும் பங்குண்டு. இப்போது கொஞ்சம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள்தானே?

முதலில் எண்ணெயே வேண்டாம் என்று இருந்த மகான்களைக் கும்பிட்டுவிடுவோம். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சிப்பாயிடம் இருந்தது பிரௌன் பெஸ் என்ற மஸ்கெட். அணிவகுப்பில் அதன் இரும்புக் குழல் பளபளவென்று மின்ன வேண்டும். எண்ணெய் பூசினால் துரு பிடிக்காது, ஆனால் மினுக்கம் மங்கும். கர்னலுக்கு மினுக்கம்தான் முக்கியம். ஆகவே சிப்பாய்கள் செங்கல் பொடியைப் போட்டுத் தேய்த்தார்கள். இன்று தேய்த்தார்கள், நாளை தேய்த்தார்கள், வருஷம் பூராவும் தேய்த்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடாத காலத்திலும் குழல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

கண்ணுக்கு மட்டும் போதுமா, காதுக்கு வேண்டாமா? துப்பாக்கியைத் தோளிலிருந்து கைக்கு மாற்றும்போது படை முழுக்க ஒரே நேரத்தில் 'ஜல்'லென்று சத்தம் கேட்டால் கர்னலுக்குப் புல்லரிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடும் வழக்கம் ஐரோப்பியப் படைகளில் இருந்தது. ஆக, குழல் மெலிந்து, திருகாணி ஆடி, பார்க்கவும் கேட்கவும் அமர்க்களமான ஓர் ஆயுதம் தயார். சுடுவது பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

இனி 1853. என்ஃபீல்டு ரைஃபிள் பிறந்த வருஷம். பழைய மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. என்ஃபீல்டின் குழலுக்குள் சுருள் சுருளாக வரிப்பள்ளம் உண்டு. குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. சிக்கல் என்னவென்றால் நாலைந்து முறை சுட்டதும் கருமருந்தின் கரி அந்தப் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். அடுத்த குண்டை வாய்ப்பக்கமாக உள்ளே தள்ள முடியாது. வழுக்கிக்கொண்டு இறங்க ஏதாவது மசகு வேண்டும். எனவே காகிதத் தோட்டாவில் குண்டு இருக்கும் முனையைக் கொழுப்பில் முக்கி எடுத்தார்கள். மறுமுனையைப் பல்லால் கடித்துப் பிய்த்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். கடிப்பது ஒரு முனை, கொழுப்பு இன்னொரு முனை. ஆனால் இந்திய வெயிலில் கொழுப்பு எந்த முனையில் பூசினோமோ அங்கேயே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்குமா? அதற்குத் துரையின் டிரில் புத்தகம் தெரியாது.

சரி, என்ன கொழுப்பு? இதுதான் கேள்வி. கேட்கவேண்டிய ஒரே கேள்வியும் இதுதான். அதே 1853-இல் ஒரு புண்ணியவான் கேட்டும்விட்டார். ராணுவத் தலைமையகத்தில் இருந்த கர்னல் ஹென்றி டக்கர். இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சாதி, மதத்துக்கு உறுத்தாது என்று உறுதியாகத் தெரியாமல் இதை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் ராணுவ வாரியத்துக்குக் கடிதம் போட்டார். தெளிவான கடிதம், நாலு வருஷம் முன்னதாகவே வந்த கடிதம். இன்றைக்கு நம் ஆபீசில் 'பார்த்து ஆவன செய்க' என்று ஒரு மெயில் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும் ஆனது. ஃபைலில் போட்டார்கள். அந்த வாரியமே சீக்கிரம் கலைக்கப்பட்டதால், ஆவன செய்யவேண்டியவர்களையும் காணோம்.

கடிதம் தூங்கியது, சோதனை நடந்தது. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய ஊர்களில் தோட்டாக்களைச் சிப்பாய்களின் இடுப்புப் பையில் போட்டுப் பல மாதம் சுமக்க வைத்தார்கள். வெயிலும் ஈரமும் கொழுப்பை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கொழுப்பு சிப்பாயை என்ன செய்யும் என்று பார்க்கவில்லை. சோதனை பாஸ்!

அடுத்தது டெண்டர். கல்கத்தா வில்லியம் கோட்டையில் தோட்டா தயாரானபோது கான்ட்ராக்டர் கொழுப்பு கொண்டுவந்து இறக்கினார். எந்தப் பிராணியின் கொழுப்பு என்று கான்ட்ராக்டில் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எது மலிவோ அது வந்தது. பிற்பாடு கலவரம் கிளம்பி, 'பசுக்கொழுப்பு இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லுங்கள்' என்று நெருக்கியபோது அதிகாரிகள் திருதிருவென்று விழித்தார்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

1857 ஜனவரியில் டம்டம். ஆயுதக்கிடங்கில் வேலை செய்யும் ஒரு கலாசி, அந்தப் பக்கம் போன பிராமணச் சிப்பாயிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். சொம்பு தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுக்கிறார். பசு, பன்றி இரண்டின் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற ஆளுக்கு அப்புறம் என்ன சாதி மிச்சமிருக்கும் என்று கலாசி திருப்பிக் கேட்டதாகக் கதை. கவனியுங்கள். ராணுவ வாரியத்துக்கும் ஆயுதத்துறைக்கும் அன்றுவரை உறைக்காத விஷயம், தோட்டா கட்டும் இடத்தில் கூலிக்கு நின்றவருக்கு உறைத்திருந்தது. அவரிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாரக்பூரில் இருந்த ஜெனரல் ஹியர்சே கொஞ்சம் விவரமானவர். சிப்பாய்களே கடைவீதியில் எண்ணெயும் மெழுகும் வாங்கிப் பூசிக்கொள்ளட்டுமே என்றார். எவ்வளவு எளிது பாருங்கள். அரசாங்கமும் உடனே சரி என்றது. நெய்யோ, தேன்மெழுகோ, அவரவர் இஷ்டம். நாலு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் சுபம் போட்டிருக்கலாம். இப்போது சிப்பாய்களுக்கு வேறு மாதிரி தோன்றியது. ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இந்தத் திடீர்ச் சலுகை? அடுத்த சந்தேகம் தோட்டாவின் காகிதத்தின் மேல் விழுந்தது. இது ஏன் இப்படி மினுமினுக்கிறது?

இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி அப்போது ஜெனரல் ஜார்ஜ் ஆன்சன். லண்டன் சீட்டுக்கச்சேரிகளில் பெரிய பெயர். 1842-இல் அவருடைய குதிரை டெர்பி பந்தயத்திலேயே ஜெயித்திருக்கிறது. குதிரையின் பல்லைப் பார்த்து வயசு சொல்லக்கூடிய மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1857 மார்ச்சில் அம்பாலாவுக்கு வந்து, இந்த விவகாரத் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, இவ்வளவு கொழுப்பா அப்பியிருக்கிறது, சிப்பாய்கள் மறுப்பதில் ஆச்சரியமில்லை என்ற ரீதியில் கவர்னர் ஜெனரலுக்கு எழுதுகிறார். அதாவது, நாடே ரெண்டு மாசமாகப் பேசிக்கொண்டிருந்த பொருள் எப்படி இருக்கும் என்று சேனாதிபதிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மீரட்டில் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் தன் பங்குக்கு ஒரு யோசனை பண்ணினார். தோட்டாவை இனிக் கடிக்கவேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று புதிய டிரில் வந்திருந்தது. நல்ல செய்திதானே, நாமே நேரில் சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று ஏப்ரல் 24-ஆம் தேதி 90 குதிரைப்படை வீரர்களை வரிசையில் நிறுத்தினார். கொடுத்தது புதிய என்ஃபீல்டு தோட்டாகூட இல்லை, அவர்கள் வருஷக்கணக்கில் பயன்படுத்திய பழைய சரக்கு. 85 பேர் தொட மாட்டோம் என்றார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வைபவத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. பெயர் வாங்க ஆசைப்பட்டார், வாங்கிவிட்டார்.

மே 9-ஆம் தேதி அந்த 85 பேருக்கும் படையின் முன்னாலேயே விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீரட் எரிந்தது. அதற்கு மறுநாள் டெல்லி. அதன்பின் இரண்டு தரப்பிலும் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. கிளர்ச்சிக்குக் கொழுப்பு ஒன்றே காரணம் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் சொல்ல மாட்டார். நிலவரி, பறிபோன அரசுகள், சம்பளக் குறைகள் என்று பெரிய பட்டியல் உண்டு. வெடிமருந்து வேறு பல கோபங்கள், தீக்குச்சி மட்டும் இது. மே மாதம் முடிவதற்குள் ஆன்சன் காலராவில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கம்பெனியின் ஆட்சி விக்டோரியா ராணி கைக்குப் போனது.

இதில் நமக்குத் தனியாக வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. இதே பாடத்தைக் கம்பெனி நம்ம வேலூரில் ஏற்கெனவே படித்திருந்தது. 1806 ஜூலை 10. புதுவகைத் தலைப்பாகை, அதில் தோலாலான ஒரு பட்டை, அது எந்த மிருகத்தின் தோல் என்ற சந்தேகம், கோட்டைக்குள் புரட்சி. கவர்னர் பெண்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைக்கு வந்த பாடம் 51 வருஷத்தில் மறந்துபோய், வாய்க்கு வந்து சேர்ந்தது.

கடைசியில் இன்னொரு கூத்து. மதம், சாதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தோட்டாவை மட்டும் பார்த்தாலும் கொழுப்பு தோற்றுப்போன சரக்குதான். வெயிலில் உருகி ஓடும், நாளானால் ஈயத்தை அரிக்கும். தேன்மெழுகுக்கு அந்த வியாதி இல்லை. பிற்பாடு பிரிட்டிஷார் தோட்டாவில் மெழுகுதான் ஓங்கியது. ஹியர்சே சொன்ன கடைவீதிச் சரக்கு!

சூடுபட்ட ஏகாதிபத்தியம் அதன்பிறகு கண்டெடுத்தது ரங்கூன் எண்ணெய். பர்மாவின் யெனாங்யாங் பக்கம் மண்ணுக்கடியிலிருந்து வரும் கனிம எண்ணெய். எந்தப் பிராணியையும் தொந்தரவு செய்யாதது. செட்டியார்கள் ரங்கூனில் வட்டிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த ஊர்ப் பெயர் தாங்கிய எண்ணெய் பிரிட்டிஷ் ரைஃபிள்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் பின்கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு பொந்து இருக்கும். அதற்குள் விரல் நீளப் பித்தளை எண்ணெய்ப் புட்டி ஒன்றும், நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு ஒன்றும் சுருண்டு கிடக்கும். கயிற்றில் ஒரு துண்டுத் துணியைச் செருகி, குண்டைக் குழல் வழியே கீழே விட்டு, இழு. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! அப்படியும் மறுநாள் காலையில் பார்த்தால் குழலுக்குள் துரு.

இந்தத் துரு மர்மம் உலகத்தையே ஒரு தலைமுறைக்கு ஆட்டிவைத்தது. புகையில்லா மருந்து வந்த புதுசு. எண்ணெய் போட்டு நன்றாகத் துடைத்து வைத்த ரைஃபிள் மூன்று நாளில் பழுப்பாகிறது. குற்றவாளி யார்? புதுசாக ஊருக்கு வந்தவன்மேல்தான் எப்போதும் சந்தேகம். புதிய மருந்திலிருந்து அமிலம் கசிகிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தீர்ப்பு வந்தபின் மருந்துக்கடை திறக்க நேரமா ஆகும்?

அமெரிக்காவில் ஃபிராங்க் ஹாப் என்ற மாஜி சிப்பாய் 1903-இல் பல ரசாயனங்களைக் கலந்து 'ஹாப்ஸ் நம்பர் 9' என்ற திரவத்தை இறக்கினார். குழலுக்குள் அது செய்த வேலையைவிட மூக்குக்குள் செய்த வேலை பெரிது. வாழைப்பழ வாடை கலந்த அந்த வாசனைக்கு அடிமையானவர்கள் உண்டு. அதே வாசனையில் காரில் மாட்டுகிற ஏர் ஃபிரெஷ்னரே விற்பனைக்கு வந்திருக்கிறது. மல்லிகை, சந்தனம், அப்புறம் துப்பாக்கி கழுவுகிற தண்ணி!

ஜெர்மனி சும்மா இருக்குமா? ஹெல்முட் கிளெவர் என்ற வேதியியலாளர் 1904-இல் 'பாலிஸ்டால்' கண்டுபிடித்தார். அமிலத்தை முறிக்கக் காரத்தன்மை. இரும்புக்கும் ஆகும், மரக்கட்டைக்கும் ஆகும், தோல் வாருக்கும் ஆகும். மறு வருஷமே கெய்சரின் ராணுவம் ஏற்றுக்கொண்டது. இவ்வளவுக்கும் ஆகிற எண்ணெய் நமக்கு ஆகாதா என்று சிப்பாய்கள் யோசித்தார்கள். காயத்தில் தடவினார்கள். வயிற்றுவலிக்குக் குடித்தவர்களும் உண்டு என்று கதை. பிற்பாடு உடம்புக்கென்றே ஒரு வகையைக் கம்பெனி தனியாக விற்றது. நம்ம ஊர் விளக்கெண்ணெய்க்குக்கூட இத்தனை வேலை கிடையாது. அதை யாரும் துப்பாக்கிக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத்துறையின் வில்பர்ட் ஹஃப் என்ற விஞ்ஞானி நிதானமாக உட்கார்ந்து ஆராய்ந்தார். மருந்து நிரபராதி. குற்றவாளி, தோட்டாவின் அடியில் பொறி கிளப்புகிற துளியூண்டு பிரைமர். அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது. குளோரைடு என்றால் பெரிய விஷமெல்லாம் இல்லை, நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி என்ன ஆகும்? காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு நசநசவென்று நிற்கும் இல்லையா, அதுதான் குழலுக்குள்ளும் நடந்தது.

உப்பு எண்ணெயில் கரையாது. எத்தனை விலை உயர்ந்த எண்ணெயாக இருந்தாலும் கரையாது. கரைப்பது தண்ணீர். இருபது வருஷமாகக் கனவான்கள் கிளப்பில் உட்கார்ந்து 'என் எண்ணெயா, உன் எண்ணெயா' என்று சண்டை போட்டுக்கொண்டு, உப்பின் மேல் அழகாக எண்ணெய்ப் போர்வை போர்த்தித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் சார்ஜென்ட்டோ கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, புனல் வைத்துக் குழலில் கொட்டி, காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெயைத் தொட்டார். வேதியியல் அவருக்குத் தெரியாது. வெந்நீர் போடப் பிரிட்டிஷ்காரருக்குச் சொல்லியா தரவேண்டும்?

கிரீஸ் பைத்தியம் ஒன்றும் பாக்கி இருக்கிறது. 1921, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேம்ப் பெர்ரி, தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டி. அந்தக் காலத்துக் குண்டின் மேலுறை உரசிக் குழலில் உலோகத் திப்பிகளாக ஒட்டும். அதைத் தடுக்கப் போட்டியாளர்கள் மொபிலூப்ரிகண்ட் என்ற கிரீஸைக் குப்பியில் வைத்துக்கொண்டு, சுடுமுன் ஒவ்வொரு குண்டையும் ஒரு முக்கு முக்குவார்கள். இந்த அசிங்கமே வேண்டாமென்று ராணுவம் அந்த வருஷம் தகரம் பூசிய குண்டுகளைக் கொடுத்து, இதற்குக் கிரீஸ் தேவையில்லை, தயவுசெய்து போடாதீர்கள் என்றது. சாம்பியன்களிடம் போய் 'போடாதே' என்றால் கேட்பார்களா? ராணுவத்துக்கு என்ன தெரியும் என்று முக்கினார்கள். கிரீஸ் தோட்டாவின் கழுத்தை விரியவிடாமல் இறுக்க, அழுத்தம் எகிறி, துப்பாக்கி வெடித்தது. வெடித்த பிறகும் சிலர் கிரீஸை விட்டுக்கொடுக்கவில்லை. துப்பாக்கி இரும்பின்மேல்தான் பழி போட்டார்கள்.

இத்தாலியர்கள் ஒரு படி மேலே. மனிதனை நம்பினால்தானே பிரச்சினை என்று பிரெடா-30 இயந்திரத் துப்பாக்கிக்குள்ளேயே ஒரு குட்டி எண்ணெய்ப் பம்பு வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தானாக எண்ணெய்க் குளியல். தொழிற்சாலையில் பார்க்க அற்புதம். பிறகு அதைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே? வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு! எண்ணெயும் மணலும் சேர்ந்தால் என்ன தயாராகும் என்று செங்கல் பொடி போட்டுத் தேய்த்த பழைய சிப்பாயைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

1960-களில் வியட்நாமுக்கு எம்-16 ரைஃபிள் போனபோது அமெரிக்கர்கள் எதிர்த் திசையில் பறந்தார்கள். இது விண்வெளி யுகத்துத் துப்பாக்கி, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று ஒரு பேச்சு. யார் கிளப்பினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். பேச்சை நம்பி, துடைக்கிற சாமான் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. போதாக்குறைக்கு, துப்பாக்கியை வடிவமைத்தபோது இருந்த மருந்தை மாற்றி, அதிகக் கரி விடுகிற வேறு மருந்தைத் தோட்டாவில் நிரப்பினார்கள். தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் கிடையாது. மழைக்காடு, சேறு, கரி. சுட்ட தோட்டாக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ள, பையன்கள் சண்டையின் நடுவில் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். பலர் திரும்பி வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதங்கள் அப்பா அம்மா வழியாக எம்.பி.க்களின் மேஜைக்குப் போய், 1967-இல் காங்கிரஸ் விசாரணையே நடந்தது.

குரோமியம் வந்தது, துடைக்கும் சாமான் வந்தது, எல்.எஸ்.ஏ. என்ற எண்ணெயும் வந்தது. இனி எல்லோரும் ஒழுங்காகத் துடைக்க வேண்டுமே! கையேடு அச்சடித்தால் பத்தொன்பது வயசுப் பையன் தலையணைக்கு வைத்துக்கொள்வான். ராணுவம் காமிக்ஸ் மேதை வில் ஐஸ்னரைக் கூப்பிட்டது. 1968-இல் அவர் வரைந்து கொடுத்த வண்ணச் சித்திரக் கையேட்டில் ஓர் அழகி வருகிறாள். எந்த இடத்தில் எண்ணெயைத் தாராளமாக விடவேண்டும், எந்த இடத்தில் பட்டும் படாமல் போதும் என்று கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பாடம் நடத்துகிறாள். அத்தியாயத் தலைப்புகளை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், அவ்வளவு இரட்டை அர்த்தம். பெண்டகனின் முத்திரையோடு வெளியான அரசாங்கப் பிரசுரம் அது. பையன்கள் கையேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள், துப்பாக்கியையும் துடைத்தார்கள். துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சைக் கிளப்பியவர் யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. அவருக்கு அனேகமாகப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.